சொல்லாமல் போட்ட கூடாரம்

கழுத்தில் மாலையோடும் முகத்தில் மலர்ச்சியோடும் வீற்றிருக்கும் நம் கரங்கான் வணிகர் சங்கத் தலைவர், வாழையிலை வேந்தர், அண்ணன் சின்னையா அவர்களே! சிடாம் கிரியிலிருந்து சிரமம் பாராமல் வந்திருக்கும் சான்றோர்களே! மடியில் மழலையையும் மனத்தில் பொறுமையையும் சுமந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் சாம்பார் வாசனையை ஆராயும் பெரியோர்களே! நவமணியின் நல்வணக்கம்!

வணிகத்தில் மக்கள் தொடர்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். மக்கள் தொடர்பு என்பது என்ன? பதாகையா? பட்டாசா? படம் போட்ட பனியனா? தலைவரின் கதையையே சொல்கிறேன். அவர் தலையாட்டிவிட்டார், நீங்களே சாட்சி.

போன ஆண்டு தலைவர் தம் வாழையிலை உணவகத்தைப் புதுப்பித்தார். திறப்பு விழாவுக்கு ஆலோசனை சொன்னவர் அவருடைய அக்காள் மகள் ரூபினி, விளம்பரத் துறை படித்த பெண்.

"சஸ்பென்ஸ் வேணும் லா மாமா. யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க, ஹேன்போனையும் அடைச்சிடுங்க" என்றார்.

மாமா மௌனம் காத்தார். கதவைச் சாத்தினார். வாசலில் கூடாரம் போட்டார். சிவப்பு நாற்காலிகளை வரிசையாக வைத்தார். தம் முகத்தைப் பெரிதாக அச்சடித்து, மாலை போட்டு, பக்கத்தில் விளக்கும் ஏற்றினார். நம் கெடா மாநிலத்தில் இதைப் பார்த்தால் யாருக்குத்தான் புரியாது? அம்மா, அழாதீர்கள், ஆள் இதோ இருக்கிறார்.

திறப்பு நாள் காலை ஊரே திரண்டது. உறுமி மேளம் வந்தது. பண்டார் பாருவிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர்கள் ஒப்பாரியோடு இறங்கினார்கள். கதவுக்குப் பின்னால் இலையோடு காத்திருந்த தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே அவருடைய நண்பர் சுகுமாரன் இரங்கலுரையைத் தொடங்கிவிட்டார்.

"அண்ணன் மனசு தங்கம். சாம்பாருதான் தண்ணி. உயிரோட இருக்கும்போது எப்படிச் சொல்றதுன்னு அடக்கி வெச்சிருந்தேன்."

கூட்டம் குலுங்கிக் குலுங்கி அழுதது. அழுதுகொண்டே ஆமாம் என்றது.

தலைவர் பொறுப்பாரா? கதவைத் திறந்தார். கூட்டம் பறந்தது! உறுமி மட்டும் அங்கேயே கிடந்தது, அடித்தவரைக் காணோம்.

பயம் தெளிந்து திரும்பியவர்களோ இலையில் உட்கார மறுத்தார்கள். சாவு மேளம் கேட்ட இடத்தில் கை நனைக்கலாமா என்று முணுமுணுத்தார்கள். உள்ளே அண்டா அண்டாவாகச் சோறு. உண்ண ஒருவர் இல்லை. திறந்த அன்றே கடை மூடிவிடுமோ என்று தலைவர் கண் கலங்கினார்.

அவர் ரூபினியைத் திட்டினாரா? சுகுமாரனை விரட்டினாரா? இல்லை, இல்லவே இல்லை! கூடாரத்திலேயே இலை விரித்து, சுகுமாரனைக் கைபிடித்து உட்காரவைத்தார்.

"தம்பி, நான் சாகல. நீ சொன்னது காதுல விழுந்துச்சு. பருப்பக் கூடுதலாப் போடச் சொல்லிட்டேன். நீயே முதல்ல சாப்பிட்டுச் சொல்லு."

சுகுமாரன் சாப்பிட்டார். வாய்க்கு முந்திக் கை மறுபடியும் சாம்பார் கேட்டது. அதைப் பார்த்து ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

அன்பர்களே! நாம் வாயை மூடினால் ஊர் நமக்கு மேளமே வைத்துவிடும்! நாம் காதைத் திறந்தால் அழ வந்த ஊரும் அமர்ந்து உண்ணும்! சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், பிறர் சொல்வதைக் கேளுங்கள். மக்கள் தொடர்பு அவ்வளவுதான்.

பொறுமை காத்த உங்களுக்கும், தம் சாவைச் சபையில் சொல்லவிட்ட தலைவருக்கும் என் நன்றி. இன்றைய விருந்தும் அவர் கடைச் சமையல்தான். குறை இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார். வணக்கம்!