தேர்ச்செய்தியும் ஒரு தந்தியும்

கேரம் காயைச் சுண்டிப் பழகிய விரலால் மணியைச் சுண்டி, "வேங்கடேசா, பத்தே நிமிடம்" என்று என்னைப் பயமுறுத்தி அமர்ந்திருக்கும் அவைத் தலைவர், அருமை நண்பர் ஐயாதுரை அவர்களே! வெற்றிலையை ஒதுக்கிவிட்டு எனக்கு வழிவிட்டு வீற்றிருக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் முறுக்கைக் கடித்து என் பேச்சுக்குத் தாளம் போடும் தாய்மார்களே! திருவில்லிபுத்தூர் மண்ணின் தீராத செல்வங்களே! உங்கள் அனைவரையும் இருகரம் கூப்பி, இடுப்பு வலியையும் பொருட்படுத்தாமல் குனிந்து வணங்குகிறேன்.

நம் தெரு வாசகசாலையின் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு இன்று மூன்றாம் ஆண்டு விழா. நடந்திருக்குமா இந்த விழா? நடக்க விட்டிருப்பார்களா இந்த விழாவை? எண்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதம், வாசகசாலைக்கும் தலைவரான இவரே என்னிடம் வந்து என்ன சொன்னார் தெரியுமா?

"வேங்கடேசா, ஆறு மாசமா கத்துற. ஒருத்தன் ஒரு வரி படிக்கக் காணோம். ஆடி முடியட்டும், பரீட்சை வைப்பேன். தேறலைன்னா அந்த ரூம்ல கேரம் போர்டு போட்டுருவேன்."

தலைவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது!

ரயில்வே குமாஸ்தாவாக முப்பது ஆண்டு குப்பை கொட்டியவன் நான். ராஜபாளையத்தில் தேடித் தேடி வாங்கிய பாடப் புத்தகத்தில் முதல் பாடமே லண்டன் பனி. வயலில் வெந்து வந்தவர்களும், மில்லில் நூலோடு நூலாய் நைந்து வந்தவர்களும் அதைக் கேட்டதும் கண்ணயர்ந்தார்கள். கண்ணுச்சாமி குறட்டையே விட்டார். என்னப்பா கண்ணுச்சாமி, இல்லை என்று தலையாட்டுகிறாய்? உன் குறட்டையில் கரும்பலகையின் சாக்கட்டித் தூள் பறந்ததை நான் பார்த்தேனே!

தூங்காத ஒரே ஆள் சண்முகத்தாய். அவர் கணவர் சுந்தரபாண்டியன் அப்போது பட்டாளத்தில், அசாமில் இருந்தார். அவரிடமிருந்து தந்தி வரும். தந்தி ஆங்கிலத்தில் வரும். அதைப் படித்துக் காட்டச் சொல்லி என் வீட்டுக்கு வருவார் சண்முகத்தாய். நானும் வாசலில் நின்று படிப்பேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, ஒலிபெருக்கிக்கே ஓய்வு கொடுக்கும் குரல்! ஒருமுறை, "உன் நினைவாகவே இருக்கிறேன், போட்டோ அனுப்பு" என்று வந்த தந்தியை, உணர்ச்சி பொங்க, ஏற்ற இறக்கத்தோடு, இரண்டு தடவை படித்துவிட்டேன். பிறகு ஒரு மாதம், தண்ணீர்க் குழாயடியில் சண்முகத்தாயைக் கண்டவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி என்ன?

"ஏட்டி, போட்டோ அனுப்பியாச்சா?"

கேட்டது யார் என்று இங்கே பின்வரிசையில் சிலருக்குத் தெரியும். முறுக்குச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டதே தாய்மார்களே, ஏன்?

அதற்குப் பிறகுதான் அவர் வகுப்பில் வந்து சேர்ந்தார். "எனக்கு வார தந்திய நானே படிக்கணும் சார். அம்புட்டுத்தான்" என்றார். "நான் படித்தால் என்னம்மா?" என்றேன். "நீங்க படிச்சா ஊரே படிச்ச மாதிரில்லா இருக்கு!" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இந்த வகுப்பை மூடினால் மற்றவர்களுக்கு ஒரு பொழுதுபோக்குப் போகும். சண்முகத்தாய்க்கு மறுபடியும் என் வாசல்தான் கதி!

அந்த ஆடியில்தான் நம் தெரு அம்மன் கோயில் தேரோட்டம். சின்னத் தேர், சிங்காரத் தேர், சிலுசிலுவென்று மணி ஆடும் தேர்! மறுவாரம் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அதைப் பற்றி மூன்று விரற்கடை அளவுக்குச் செய்தி வந்தது. கத்தரித்தேன். கரும்பலகையில் எழுதினேன். என்ன ஆச்சரியம்! தூங்கியவர்கள் துள்ளி எழுந்தார்கள். "நம்ம தெருவா? நம்ம தேரா? அதுல எம் பேரு இருக்கா?" என்று கண்ணுச்சாமி கரும்பலகையையே தடவிப் பார்த்தார்.

ஆனால் முதல் வாக்கியமே முப்பது சொல். பாதியில் எல்லாருக்கும் மூச்சு முட்டியது. அப்போது எழுந்தார் சோழபுரத்துச் சோலைச்சாமி. தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"ஏன் சார், தேர ஒரே இழுப்புல நெலைக்குக் கொண்டாந்துருவியளா? நாலடி இழுக்கணும், கட்டை போடணும், செத்த நேரம் நின்னு பாக்கணும். பொறவுதான் அடுத்த இழுப்பு. இவ்வளவு நீள வாக்கியத்த நடுவுல நிறுத்தாம இழுத்தா, மனுசன் சாக மாட்டானா?"

சொன்னதோடு நின்றாரா? கையிலே சாக்கட்டியை வாங்கினார். நாலு சொல்லுக்கு ஒரு கோடு கிழித்தார். "இழு!" என்றார். வகுப்பே நாலு சொல்லைப் படித்தது. "கட்டை!" என்றார். வகுப்பே நின்றது, பொருள் சொன்னது. இழு, கட்டை! இழு, கட்டை! அரை மணியில் முப்பது சொல்லும் நிலைக்கு வந்து சேர்ந்தன. முப்பது ஆண்டு ஆங்கிலம் எழுதிய நான், வாயைப் பிளந்து நின்றேன் ஐயா!

வந்தது பரீட்சை நாள். தலைவர் வந்தார், கக்கத்தில் கேரம் போர்டோடு வந்தார்! என்ன ஒரு நம்பிக்கை பாருங்கள். எங்கள் வகுப்பு எழுந்தது. இல்லாத வடத்தை இரண்டு கையாலும் பிடித்தது. சோலைச்சாமி "இழு!" என்று போட்ட போடில் தலைவர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். தேர்ச்செய்தி வரி வரியாக வந்தது. கடைசி வரியில், தேர் எங்கும் நிற்காமல் ஒரு மணி நேரத்தில் நிலைக்கு வந்தது என்று இருந்தது.

அங்கேதான் சண்முகத்தாய் கட்டை போட்டார்! யாரும் சொல்லிக் கொடுக்காத ஆங்கிலத்தில், கையை நீட்டிச் சொன்னார்:

"நோ சார். ராங் நியூஸ். தேர் ஸ்டாப். டூ அவர்ஸ் ஸ்டாப். யுவர் ஹவுஸ், சார். யுவர் ஸ்டெப்!"

ஆம் பெருமக்களே! தலைவர் வீட்டு வாசற்படி தெருவுக்குள் இரண்டடி நீண்டு நின்றது. சக்கரம் அதில் முட்டி, தேர் இரண்டு மணி நேரம் நின்றது. நிருபருக்கு மோர் கொடுத்து, செய்தியும் கொடுத்தவர் யார்? நான் சொல்ல மாட்டேன். மணியை அடிக்காதீர்கள் தலைவரே, முடித்துவிடுகிறேன்!

தலைவர் முகம் சிவந்தார். பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, இங்கிலீஷ்ல மானத்த வாங்குற அளவுக்குப் படிச்சுட்டாங்கடே! ரூம வச்சுக்கோ" என்றார். படியையும் இடித்தார். மறு ஆடியில் தேர் நிற்காமல் போனது. பெரிய மனசு ஐயா உங்களுக்கு, அதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

பரீட்சை நடந்த அதே ஆண்டு ஐப்பசியில் ஒரு தந்தி வந்தது. சண்முகத்தாய் தன் வீட்டு வாசலில் நின்று பிரித்தார். உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. இழுக்கிறார், கட்டை போடுகிறார் என்று எனக்கு மட்டும் புரிந்தது. தெருவே காத்திருந்தது. அவர் தந்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய், "என்னம்மா எழுதியிருக்கு?" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிரைவேட், சார்" என்றார்.

ஆறாம் நாள் காலை ரயிலடிக்குத் தனியாகப் போய், சுந்தரபாண்டியனைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் நடந்து வந்தார். "நமக்குத் தெரியாம எப்படி வந்தான்?" என்று தெருவே கொதித்தது. நானும் கொதித்தேன், உண்மையைச் சொன்னால் என்ன! அவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குக் கண் கலங்கியது. நம்மிடம் கேட்காமல் ஒருவர் படித்துவிட்டாரே என்ற சந்தோஷம் அது.

முன்வரிசையில் மீசையை முறுக்கும் சுந்தரபாண்டியன் அவர்களே, இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தந்தியில் வேறென்னதான் எழுதியிருந்தீர்கள்? இந்தச் சபைக்கு மட்டும்... என்ன? சண்முகத்தாய் அம்மாவைக் கேட்க வேண்டுமா? அம்மா கூடாது என்று தலையை ஆட்டுகிறார். சரி, சரி!

மேடை தந்த தலைவருக்கும், பொறுமை தந்த உங்களுக்கும், முறுக்குத் தாளத்துக்கும் நன்றி. உங்கள் வீடுகளுக்கு நல்ல தந்தியாகவே வரட்டும், அவற்றை நீங்களே படியுங்கள். என் வாசலை மட்டும் நாடாதீர்கள். வணக்கம்!