வேல்விழி கன்னத்தால் எழுதிய மனு

என் பெயர் நாகையா, வயது 51, த/பெ சங்கரலிங்கம், கீழத்தெரு, வெம்பக்கோட்டை. சிவகாசி அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிறேன். ஐந்தாம் வகுப்புதான், ஆனால் பத்தாவது படித்தவனெல்லாம் என்னிடம் யோசனை கேட்பான். வேல்விழி என் அக்கா மகள். 2006-ல் பட்டாசுக் கம்பெனி விபத்தில் அவளுக்கு இரண்டு கையும் போய்விட்டது. அன்று அவள் வேலைக்கே வரவில்லை, நஷ்டஈடு கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு மதுரையிலிருந்து, கை இல்லாதவர்களுக்குப் பாடம் சொல்லித்தருகிற பானுப்பிரியா டீச்சர் ஒரு பழைய கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். அதில் எழுத்துகள் வரிசையாகத் தெரியும், ஒரு வெளிச்சம் ஒவ்வொரு எழுத்தாக நகரும், வேண்டிய எழுத்துக்கு வந்ததும் பொத்தானை அழுத்தினால் அது கீழே வந்து உட்காரும். கன்னத்தால் அழுத்துகிற மாதிரி, மவுஸைப் பிரித்து வாசல்மணிப் பொத்தானைச் சேர்த்துப் பஞ்சு வைத்துக் கட்டியது நான். ஜப்பான்காரன் பார்த்திருந்தால் கையோடு கூட்டிப் போயிருப்பான்.

அதன் பிறகு வேல்விழி நஷ்டஈடு கேட்டுக் கலெக்டருக்கு மனு எழுத ஆரம்பித்தாள். மத்தியானமெல்லாம் அந்த நீல வெளிச்சம், அணைத் தண்ணீரில் கொக்கு நடக்கிற மாதிரி அவள் முகத்தில் நடந்தது. நான் யோசனை சொன்னபோது, "பேசாதீக மாமா, எழுத்து தாண்டிப் போகுது. வெளிய நில்லுங்க" என்றாள். நின்றேன். கரண்ட் போய் இரண்டு தடவை அழிந்தது. மறுபடி முதலெழுத்திலிருந்து தொடங்கிப் பத்தொன்பது நாளில் முடித்தாள். டீச்சர் அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, நேராகக் கலெக்டர் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதன் பிறகு டீக்கடையில், மனுவை நான்தான் எழுதினேன், ஒவ்வொரு பாயிண்டும் என் மூளை என்று சொன்னேன். பட்டாசுக் கம்பெனி போர்மேன் சங்கிலிமுத்து, "அம்புட்டும் நீங்கதானாண்ணே?" என்று இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாளே அவர், மனு வேல்விழியுடையது அல்ல, தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அதே ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் டீக்கடையில் சொன்னது பொய்.

இன்று போலீஸ் நிலையத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டு எனக்கு மனுவைப் படித்துக் காட்டினார்கள். தீப்பிடித்ததும் வாசலுக்கு வந்துவிட்டவள், கூட வேலை பார்த்த கருப்பம்மாளை இழுக்கத் திரும்பி உள்ளே போனதாகவும், அந்தப் பிள்ளையின் கை தன் கைக்குள் இருந்ததுதான் தன் கைக்குக் கடைசியாகத் தெரிந்தது என்றும் அதில் இருக்கிறது. இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் டீக்கடையில் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ச. நாகையா