அசையாத பின்

பெயர்: கார்லீன் யானாக். வயது: 39. கணவர்: டுவைட் யானாக் (காலமாகிவிட்டார்). தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர். முகவரி: பழைய ஆலைச் சாலை, மோராவ்கா, டெக்சாஸ். கவுண்டி ஷெரீப் அலுவலகத்தில், துணை ஷெரீப் ரூபென் எஸ்கமீயா முன்னிலையில் பகல் வேளையில் சொன்னது.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் வசித்து வந்தேன். இப்போது தனியாக வசிக்கிறேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். அழாமல் சொல்ல முடியுமா என்று துணை ஷெரீப் கேட்டார். முடியும் என்றேன். என்னிடம் இருந்ததெல்லாம் போன வாரமே தீர்ந்துவிட்டது.

என் மாமனார் எமில் யானாக், பிள்ளைகளுக்குக் கல்யாணமானால் ஆளுக்கொரு அரைத் தானியங்கித் துப்பாக்கி கொடுப்பார். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, சமையலறை மேசையில் விரித்து, தன் கையாலேயே பூட்டிக் கொடுப்பார். அதைப் பிள்ளைகள் துடைப்பார்கள், எண்ணெய் போடுவார்கள். விசை இருக்கும் அடிப்பாகத்தை மட்டும் யாரும் கழற்ற மாட்டார்கள். கழற்றினால் அப்பன் வேலையைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். என் கணவரின் பழைய துப்பாக்கி வெள்ளத்தில் போனபின் மாமனார் அவருக்கு இன்னொன்று பூட்டிக் கொடுத்தார். அப்போது மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "எனக்கா கண்ணு தெரியல?" என்று சண்டைக்கு வருவார். அதனால் யாரும் கேட்பதில்லை.

அதன் பின்பு, இந்த வசந்த காலத்தில், விசையைத் தாங்கும் ‘பின்’ என்ற சிறு உலோகத் தண்டு துப்பாக்கியின் இடது பக்கமாக வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. என் கணவர் கட்டைவிரலால் உள்ளே தள்ளிவிடுவார். பத்துப் பதினைந்து முறை சுட்டால் மறுபடி எட்டிப் பார்க்கும். சில சமயம் விசையை இழுத்தால் டிக்கென்று சத்தம் மட்டும் வரும், வெடிக்காது. மலிவுத் தோட்டா, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

அதன் பின்பு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, இந்தச் சுழலாத பின் விக்கிறாங்களே, அதனால ஏதாவது பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டார். அந்தப் பின்னின் இரண்டு முனையிலும் திருகு வைத்துத் தகட்டால் பிடித்திருப்பார்கள். அது சுழலாது, நகராது.

"காசு மிச்சமிருக்கிறவன் போடலாம். ஒழுங்கா பூட்டின துப்பாக்கில பின் எதுக்குடா வெளிய வருது?"

"என் ஃபிரண்டு ஒருத்தனுக்கு வருதுப்பா."

"அப்போ அந்தக் கூமுட்டை சுத்தியல் ஸ்பிரிங்கத் தலைகீழா மாட்டியிருப்பான். அந்த ஸ்பிரிங்கோட ரெண்டு காலும் பின் மேல உக்காந்து அமுக்கிப் பிடிக்கணும். திருப்பி மாட்டினா பின்னும் நிக்காது, சுத்தியலும் தோட்டா வெடிக்கிற அளவுக்குப் பலமா அடிக்காது. தொறந்து பாக்கச் சொல்லு அவனை. பூட்டத் தெரியாதவனெல்லாம் துப்பாக்கிய ஏன் தொடுறான்?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். மாமனார் அவர் தட்டில் இன்னொரு சாஸேஜ் எடுத்து வைத்தார்.

அதன் பின்பு வீட்டுக்கு வரும் வழியில் நான், "திறந்துதான் பாரேன், டுவைட்" என்றேன். "அப்பா தப்பா மாட்ட மாட்டாரு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அப்படியே தப்பா இருந்தாலும் அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படி அவர் மூஞ்சில முழிக்கிறது?" என்றார். அந்த வாரமே சுழலாத பின்களை வரவழைத்தார். பழைய பின்னைப் பக்கவாட்டில் தட்டி எடுத்து, உள்ளே இருப்பது எதுவும் கலையாமல் புதியதை அதன் வழியே செருகி, திருகுகளை இறுக்கினார். வேலை செய்த நேரமெல்லாம் உள்ளே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதன் பின்பு பின் வெளியே வரவில்லை. மாமனார் திருகுகளைத் தடவிப் பார்த்து, "என்னடா, துப்பாக்கிக்குத் தோடு குத்திவிட்டிருக்க? அடுத்து மூக்குத்தியா?" என்று கேலி செய்தார். "அழகா இருக்குல்லப்பா" என்றார் என் கணவர். டிக் சத்தம் அதன் பின்பும் வந்துகொண்டுதான் இருந்தது. பின் அசையாமல் நின்றதால் மற்றதும் சரியாகிவிட்டது என்று அவர் நம்பினார், அல்லது நம்ப விரும்பினார்.

சம்பவத்தன்று காலை எங்கள் சோளக்காட்டில் காட்டுப்பன்றிகள் இறங்கின. நான் வண்டியை ஓட்டினேன். அவர் வண்டியின் பின்தட்டில் நின்று சுட்டதில் ஒரு ஆண் பன்றி அடிபட்டுப் புதருக்குள் ஓடியது. அதைத் துடிக்க விட்டுப் போகக் கூடாது என்று இறங்கி நடந்தார். நான் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். பன்றி புதரிலிருந்து நேராக அவர் மேல் வந்தது. டிக் என்ற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் தோட்டாவை மாற்றி மறுபடி விசையை இழுத்தார். மறுபடியும் டிக்.

அதன் பின்பு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பன்றி போய்விட்டிருந்தது. அது கிழித்ததில் அவர் தொடை திறந்து கிடந்தது. என் பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் அந்த மண்பாதையைக் கண்டுபிடித்து வருவதற்குள் அவர் கை சில்லிட்டுவிட்டது. அதற்கு முன் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "தோட்டா சரியில்லன்னு சொல்லு அப்பாகிட்ட."

அவர் என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பின்பு நேற்று இதே அலுவலகத்தில் துப்பாக்கி நிபுணர் என் முன்னால் அடிப்பாகத்தைக் கழற்றினார். சுத்தியல் ஸ்பிரிங் தலைகீழாக இருந்தது. பழைய பின்னே இருந்திருந்தால் என்றாவது ஒரு நாள் அது முழுதாக வெளியே வந்து துப்பாக்கி நின்றுபோயிருக்கும், வேறு வழியில்லாமல் திறந்து பார்த்திருப்பீர்கள் என்றார். புதிய பின்களால் கேடா என்று துணை ஷெரீப் கேட்டார். அவற்றின் மேல் ஒரு குறையும் இல்லை என்றேன். விற்றவர்கள் சொன்னபடியே இம்மியும் அசையாமல் நின்றன. வேண்டாம் வேண்டாம் என்று வெளியே வந்து சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை நாங்கள்தான் திருகு போட்டு நிறுத்தினோம். அந்தத் துப்பாக்கியைப் பூட்டியது யார் என்று கேட்டார். எமில் யானாக் என்று சொன்னேன்.

மாமனாரிடம் தோட்டா சரியில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை. "தோட்டா இல்லம்மா, அந்தத் தோடுதான் அவனக் கொன்னுடுச்சு. நான் வேணாம்னுதான சொன்னேன்? துப்பாக்கிய என்கிட்ட வாங்கிக் குடு, நான் பிரிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்கிறார். கோடையில்தான் அவர் மகள் பிடிவாதமாகக் கூட்டிப்போய்ப் புரை எடுத்துவிட்டாள். இப்போது அவருக்கு நன்றாகக் கண் தெரியும். பிரித்தால் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.

ஆகவே, சட்டப்படி என்னிடம் திருப்பித் தர வேண்டிய அந்தத் துப்பாக்கியை என்னிடமோ வேறு யாரிடமோ தராமல் உடனடியாக உருக்கி அழித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். காலையில் இதைச் சொன்னதும் மாமனார், "எம் புள்ள கை பட்டது ஒண்ணக்கூட எனக்குத் தர மாட்டியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று இந்த அலுவலக வாசலிலேயே கத்தினார். நான் அவரைத் தாண்டி உள்ளே வந்தேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் எனக்குத் தட்டு வைக்க மாட்டார்கள். எனக்கு வேறு வீடும் இல்லை. இருந்தாலும் என் கோரிக்கையில் மாற்றமில்லை.

மேலே சொன்னவை அனைத்தும் நான் அறிந்து, பார்த்து, கேட்ட உண்மை. எமில் யானாக் இன்னும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதால், கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) கார்லீன் யானாக்