இருபதாம் நிரை: பதினோராவது மேடையேற்றம்

பால் கலக்காத இந்தத் தே ஓவில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

என் பெயர் பாஸ்கல். தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். 'இருபதாம் நிரை' என் நாடகம். 1974இல் எங்கள் மாதா கோயில் திருநாளுக்காக எழுதினேன். பாட்டு கிடையாது, வசனம் மட்டும்தான். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்கிறார்கள். தான் பால் வெட்டிய நிரை, அந்த மரவரிசை, கைவிட்டுப் போன ஒருவன், அதே நிரையில் ஒரு மரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறான். அது என் அண்ணன் சவரிநாதனின் கதை. 1966இல் நடந்தது.

கடைசிக் காட்சியில் அவனுடைய தாய் ஓடி வருவாள். பால் வெட்டும் கத்தியால் சுருக்கை அறுப்பாள். பிறகு அந்த மரத்தைப் பார்த்து, "எறக்கி விடுய்யா, உசுரு இருக்கு" என்பாள். என் அம்மா குழந்தையம்மாள் அன்று சொன்ன வார்த்தை அது. நான் ஒன்றையும் மாற்றவில்லை.

மேடையில் ஆள் நிஜமாகத் தொங்கமாட்டான். சட்டைக்குள் தோல்வார் கட்டி, அதில் ஒரு கயிறு கோத்து, மேலே கப்பியில் ஓட்டி, அட்டை மரத்துக்குப் பின்னால் நான் பிடித்துக்கொள்வேன். கழுத்துச் சுருக்கு மேல் உத்திரத்தில் கட்டிய நிஜக் கயிறுதான்; நான் பிடித்திருக்கும்வரை அதில் பாரம் ஏறாது, ஒப்புக்குத்தான். அது அறுந்த பிறகு அம்மாவின் வரி வரும். அந்த வரிக்கு நான் கயிற்றை விடுவேன். உடல் அவள் மடியில் விழும். ஜனம் அழுதுகொண்டே வீட்டுக்குப் போகும்.

1981இல் லூயிஸ் வந்தான். ஈப்போ கோயிலில் பாடற்குழுத் தலைவன். குரல் நல்ல குரல், வாய் அதைவிடப் பெரிது. ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து என் வீட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"மச்சான், ஒன் நாடகம் அழத்தான் வைக்குது. பாட்டு போட்டா ஈப்போவே திரும்பிப் பாக்கும்லா."

நாடகத்தைக் கொடுத்தேன். பதினொரு பாட்டு போட்டான். 'லூயிஸின் இருபதாம் நிரை' என்று சுவரெங்கும் ஒட்டினான். அச்சகத்தின் பெயருக்குக் கீழே, எறும்பு அளவில், 'மூலக்கதை: பாஸ்கல்'. கதாநாயகன் அவனே. எனக்குக் கயிறு. பழகிய கை என்றான்.

அம்மாவின் வரியை எடுத்துப் பல்லவியாக்கினான். அதில்தான் கோளாறு, சார். இப்போது வரி முதலில் வருகிறது. தாயாக நடித்த எல்ஸி சபையைப் பார்த்து நான்கு நிமிஷம் பாடுவாள். அப்புறம்தான் திரும்பி வந்து சுருக்கை அறுப்பாள். அதுவரை நான் கயிற்றை விடக்கூடாது. என் பிரதியிலேயே சிவப்புப் பென்சிலால் லூயிஸ் எழுதிவைத்தான். பத்து மேடை ஒழுங்காகப் பிடித்தேன். என் கை தடுமாறுகிற கை இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாவது மேடை சித்தியவானில். முன்வரிசையில் அம்மாவை உட்கார வைத்திருந்தேன். பல்லவி முடிந்து சரணம் முடிந்ததும் கூட்டம் "ஒன்ஸ் மோர்" என்று கத்தியது. அம்மாவின் ஒப்பாரிக்கு ஒன்ஸ் மோர். செத்துத் தொங்கிக்கொண்டிருந்த லூயிஸ் ஒரு கண்ணைத் திறந்து, 'பாடு' என்று எல்ஸிக்குத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவே இல்லை. அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். பஸ் நிலையத்தில் போய்க் கண்டுபிடித்தேன்.

"நான் அன்னிக்குப் பாடலியேடா, பாஸ்கல்" என்றாள்.

மறுவாரம் லூயிஸ் அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனான். நல்லவன்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

பதினோராவது மேடை ஈப்போவில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் அவனுக்கு வாரை இறுக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னான்.

"ஒங்கம்மா எல்லாத்தையும் சொன்னாங்க, மச்சான். கோலாலம்பூருல மேடை போடறப்ப கதையில ஒரு தம்பி வேணும்லா. அவனுக்கும் ஒரு பாட்டு. கோவிச்சுக்காத."

"நல்லா வரும்" என்றேன். வாரை இன்னொரு தடவை சரிபார்த்தேன். அவன் சொன்னதுதான் காரணம் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. காரணம் ஒன்ஸ் மோர்தான்.

முதல் தடவை பாட்டு முடியும்வரை பிடித்திருந்தேன். கூட்டம் கேட்டது. லூயிஸ் கண்ணைத் திறந்து தலையாட்டினான். எல்ஸி சபைப்பக்கம் திரும்பி, "எறக்கி விடுய்யா" என்று மறுபடி எடுத்தாள். நான் கயிற்றை விட்டேன். அந்த வரிக்குக் கயிற்றை விட வேண்டும் என்றுதான் நான் எழுதியிருக்கிறேன். நாடகம் என்னுடையது.

பாரம் முழுக்கச் சுருக்கில் இறங்கியது; அவன் கால்கள் உதைத்தன. "என்னா நடிப்புலா" என்று முன்வரிசையில் யாரோ சொன்னது எனக்கே கேட்டது. கைதட்டினார்கள். எல்ஸி நான்கு நிமிஷமும் பாடினாள். அன்றைக்குச் சுருதி சுத்தமாக இருந்தது. திரும்பி வந்து சுருக்கை அறுத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

கயிற்றை மறுபடி இழுத்திருக்கலாமே என்கிறீர்கள். இழுத்திருக்கலாம். கயிற்று முனை என் காலடியில்தான் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தம்பி வேஷமா? அதில் நடிக்க என்ன இருக்கிறது, சார்? தம்பி மரத்தடியில் நிற்கிறான். கையில் கத்தி இருக்கிறது. முந்தின நாள் அண்ணன் அவனை எல்லார் முன்னாலும் அறைந்திருக்கிறான். இப்போது அண்ணனின் கால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அம்மா ஓடி வருகிறாள். அவள் மரத்திடம் பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், எறக்கி விடுய்யா என்று. நான் அசையவில்லை. கடைசியில் என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி அவளே அறுத்தாள். அதற்குள் உயிர் இல்லை. இதற்கு யார் பாட்டு எழுத முடியும்?

லூயிஸைக் கொன்றது நான்தான். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், சார். இந்தத் தடவை அந்த வரி காதில் விழுந்ததும் என் கை தாமதிக்கவில்லை.