‘டிவல்ஜ்’ பண்ணாதே என்றார்கள்

இன்று மார்ச் பதினான்கு. மாலை ஆறு இருபது. இந்த உணவுக்கூடத்தில் நூற்றுப் பதினொரு பேர் இருக்கிறோம்.

அவையை ஆளும் தலைவர் அவர்களே, அனுபவத்தில் மூத்த பெரியோர்களே, குளிரில் கைமரத்து மீன் அடுக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் முகம் சிவக்கும் மேலாளர் அவர்களே, வணக்கம்.

நம் வாசகர் வட்டத்தில் வாரம் ஒருவர் ஓர் ஆங்கிலச் சொல்லை விளக்க வேண்டும். என் சொல் ‘டிவல்ஜ்’. மறைத்ததை வெளியே சொல்வது என்று பொருள். லத்தீனில் ‘வல்கஸ்’ என்றால் பொதுமக்கள். அவர்களிடையே பரப்புவதிலிருந்து பிறந்த சொல் இது. யார் அந்தப் பொதுமக்கள்? பட்டம் பெற்றவரா? பதவி பெற்றவரா? வாசலில் வரிசை நின்று வருகை பதியும் நீங்கள்! அதே வேரில் வந்த ‘வல்கர்’ என்பதைத்தான் மேல்தட்டு வசவாக்கியது.

பின்னால் யாரோ, “தம்பி, கிளாஸ் எடுக்கிறியா?” என்கிறார். முடிந்தது அண்ணே. விஷயத்துக்கு வருகிறேன்.

குளிரறையைக் குளிர்விக்கும் அமோனியா என்ற நச்சுவாயு கசிந்தால் மணியடிக்கும் கருவியை நாம் ‘மூக்கு’ என்போம். தரை கழுவினால் தண்ணீர் தெறித்துப் பொய்மணி அடிக்கும். ஆகவே பிளாஸ்டிக் பை கட்டுவோம், கழுவியதும் அவிழ்ப்போம். இன்று மதியம் அவிழ்த்தேன். தரை காய்ந்திருந்தது. மணி அடித்தது. பார்த்தால், வால்வு கசிகிறது.

மேலாளர் சொன்னார்: “லோடு போற வரைக்கும் பையை மறுபடி கட்டிடு. யார்கிட்டயும் டிவல்ஜ் பண்ணாதப்பா.”

“சார், ஏழு மணி ஷிப்டு உள்ள போகுமே?”

“ஊர்ல உனக்கு மட்டும்தான் மூக்கு இருக்கா?”

பையைக் கட்டிவிட்டேன். பை கட்டினால் அடங்குமா ஆவி? வாய் கட்டினால் அகலுமா ஆபத்து?

அந்த ஷிப்டின் நாற்பது பேரில் என் அண்ணியும் ஒருவர். அதோ, மூன்றாம் வரிசையில் கேட்கிறார்: “ஏன் தம்பி, மத்தியானமே எங்கிட்ட சொல்லல?” சொல்லியிருந்தால் நீங்கள் ஒருவர் லீவு போட்டிருப்பீர்கள் அண்ணி. மற்ற முப்பத்தொன்பது பேர்? ஒருவர் காதில் போட்டால் அது வீட்டுப் பேச்சு. ஊர் கூட்டிச் சொன்னால்தான் டிவல்ஜ்.

மைக்கை அணைக்கச் சொல்கிறார் சார். அணையுங்கள். என் தொண்டை கரண்டில் ஓடவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. முகக்கவசம் மாட்டிப் பையை அவிழ்ப்பேன்.
2. கசியும் வால்வுக்குப் போகும் குழாயை அடைப்பேன். லோடு கெட்டால் கெடட்டும்.
3. மணி ஓயும்வரை குளிரறை வாசலில் நிற்பேன். யாரும் உள்ளே போக முடியாது, அண்ணி உட்பட.
4. நாளை வேறு வேலை தேடுவேன்.

கேட்ட காதுகளுக்கு நன்றி; என்னோடு வாசலில் வந்து நிற்கப்போகும் கால்களுக்கு வணக்கம்.