நிற்கிற வண்டியின் புகை

"அந்தக் காருக்க பொகை எங்க பிளாண்ட் சிம்னியில வரும் மக்கா."

குவைத்தில் ஃபஹாஹீல் போகிற பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்தது. பேட்டரி காரை நாங்களெல்லாம் பேப்பரில் மட்டும் பார்த்திருந்த காலம். சொன்னவர் பவர் பிளாண்ட் டெக்னீஷியன். பக்கத்தில் இருந்தவர் அரபி வீட்டு டிரைவர்; விசா கொடுத்த அந்த வீட்டு முதலாளிதான் அவருடைய கஃபீல். இரண்டு பேருக்கும் கன்னியாகுமரிக் கடற்கரைப் பேச்சு.

"கஃபீலுக்க மவன் பொகையே வராதுன்னுல்லா சொல்லுதான். ஒண்ணு எறக்கப் போறானாம்."

"கரண்டு எதுல வருது? நாங்க எண்ணெயத்தானே எரிக்கோம்."

"அப்போ ரெண்டு காரும் ஒண்ணுதானா?"

"இல்ல. பேட்டரி செய்யும்போதே கொஞ்சம் பொகை போயிரும். ஆனா ஓட ஓட, பெட்ரோல் வண்டிதான் கூட விடும். செஞ்சதுலேருந்து ஒடைக்கது வரைக்கும் சேத்துப் பாக்கணும்."

"ஓடாம நிக்கும்போது விடுகத எதுல சேக்க?"

"நிக்க வண்டி என்னத்துக்குப் பொகை விடுது?"

"மேடம் கடைக்குள்ள போனா எப்போ வருவாவன்னு தெரியாது. அதுவரைக்கும் இஞ்சின் ஓடணும், ஏசி ஓடணும். வரும்போது சீட்டு சுடப்பிடாதுல்லா."

"சரி, நீயாவது குளுமையா இருக்கலாம்."

"என்னைய எங்க உள்ள இருக்க விடுகாவ? வேர்வை நாத்தம் சீட்டுல பிடிக்குமாம். வெளியத்தான் நிக்கணும்."

டிரைவரே தொடர்ந்து சொன்னார்.

"அதுனால அந்தப் பேட்டரி கார் வரட்டும் மக்கா. இப்போ வெயில்லயும் நிக்கேன், பொகையிலயும் நிக்கேன். அது வந்தா வெயில்ல மட்டும் நின்னாப் போதும்."