முழங்காலளவு தண்ணீர்

2025.06.16 ஆம் திகதி மு.ப. 9.40 மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் பதியப்பட்டது.

எனது பெயர் கோணாமலை சதீசன். வயது 54. ஆரையம்பதியில் வாவிக்கரையோரம் வசிக்கிறேன். தொழில் வாவியில் மீன்பிடிப்பது. இம்மாதம் எட்டாம் திகதி வாவியில் இறந்த புஸ்பம், வயது 51, எனது மனைவி. அன்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் சிலவற்றைச் சொல்லாமல் விட்டேன். முழங்காலளவு தண்ணீரில் யாரும் தவறிச் சாக மாட்டார்கள், குளிசைக்காரி வேண்டுமென்றே செத்தாள் என்று ஊரில் கதைக்கிறார்கள். அது பொய். அதைச் சொல்ல யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்தேன்.

எட்டு வருடங்களுக்கு முன் கர்ப்பப்பை சத்திரசிகிச்சை செய்த பின் அவளுக்கு நித்திரை வரவில்லை. இரண்டு கிழமைக்கென்று நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்தார்கள். அதன் பின் அவளால் அதை விட முடியவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. முன்பெல்லாம் றால் கோது உரிக்க உட்கார்ந்தால் அவள் கைவேகத்துக்கு ஒருவரும் ஈடில்லை. பிறகு பகலிலும் தூங்கி விழுந்தாள், உலையை வைத்துவிட்டு மறந்து போனாள்.

கடந்த மாதம் எங்கள் ஒரே மகள் தனுஷியா ஏழு மாத வயிற்றோடு பிள்ளைப்பேற்றுக்கு எங்களிடம் வந்தாள். வந்த மூன்றாம் நாள் என்னிடம், "அப்பா, இந்தக் குளிசையோட அம்மாட கையில புள்ளையத் தரப் பயமாக் கிடக்கு" என்றாள். குசினிக்குள் நின்ற புஸ்பம் அதைக் கேட்டுவிட்டாள். அதன் பின் அவளாகவே, அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்குக் காப்புக் கட்டி, அன்றோடு குளிசையை விடுவதாக நேர்த்தி வைத்தாள். மகள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை.

ஐந்தாம் திகதி காப்புக் கட்டினாள். அன்றே வீட்டிலிருந்த குளிசை அட்டைகள் முழுவதையும் நான் எடுத்து அடுப்பில் போட்டேன். அடுத்த நாள் அவளுக்கு உடம்பு வியர்த்து, கை நடுங்கி, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அதன் பின் என்னிடம், "இஞ்ச பாருங்க, கிளினிக்கில டொக்டர் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும் எண்டவர். அரைக் குளிசை வாங்கித் தாங்களன்" என்று கேட்டாள். சாட்டுச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "அம்மாளுக்குக் குடுத்த வாக்கில அரை, முழுசு எண்டு இல்ல" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. மருந்தை விடச் சொல்லி அம்மாள் யாரிடமும் கேட்பதில்லை என்று பூசகர் இப்போது சொல்கிறார். முன்பே அவரிடம் கேட்க எனக்குப் புத்தி வரவில்லை.

எட்டாம் திகதி காலை ஏழு மணியளவில், கோயிலுக்குப் போக முன், அவள் குளிப்பதற்கு வாவியில் இறங்கினாள். நான் கரையில், கூப்பிடு தூரத்தில், தோணியருகே இருந்து வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அதன் பின் தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அவளுடைய கைகள் இழுத்தன, தலை பின்னால் சாய்ந்தது, உடம்பு முழுவதும் உதறியது. சடங்கு நாட்களில் காப்புக் கட்டியவர்கள் உரு வந்து ஆடுவதைச் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். இவளுக்கும் உரு வந்துவிட்டது, நேர்த்தியை அம்மாள் ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். வலையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவள் முகங்குப்புற விழுந்த பிறகும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று இதை எழுதும் சார்ஜன்ட் கேட்டார். தெரியாது. தண்ணீர் அசையாமல் போனதும் ஓடினேன். குளிசையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று அதன் பின் ஆஸ்பத்திரியில் வைத்தியர் சொன்னார். அவள் எனக்குச் சொன்னதும் அதுதான்.

கடைசியாக என்ன பேசினாள் என்று சார்ஜன்ட் கேட்டார். தண்ணீரில் இறங்க முன் இரண்டு கைகளையும் எனக்கு நீட்டிக் காட்டி, "புள்ள பிறக்கிறத்துக்குள்ள இந்த நடுக்கம் நிண்டிடும்தானே?" என்றாள். நிற்கும் என்றேன். சாக நினைத்தவள் இப்படிக் கேட்க மாட்டாள். என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், அவளாகச் செத்தாள் என்று மட்டும் எழுத வேண்டாம்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "காப்பாற்ற ஓடினேன்" என்றிருந்த இடத்தில் "காப்பாற்ற" என்ற சொல்லை நான் சொல்லவில்லை, அதை வெட்டுவித்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) கோ. சதீசன்